அயர்லாந்தின் பருவ உணவுகள்: பாட்ரிக் நாளைத் தாண்டி ஒரு பதில்

கேள்வி இதுதான்: "அயர்லாந்துக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். உருளைக்கிழங்கையும் பீரையும் விட்டால் இங்கே பாரம்பரியச் சாப்பாடு என்று ஏதாவது உண்டா? பருவத்துக்கு ஒரு பண்டம், பண்டிகைக்கு ஒரு சடங்கு என்று இருக்கிறதா? புனித பாட்ரிக் நாளில் என்ன சமைப்பார்கள்? நான் சைவம், எதைச் சாப்பிடலாம்?"

உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அதைப் பாட்ரிக் நாளான மார்ச் 17இல் தேடினால் அவ்வளவாகக் கிடைக்காது. அதனால் முதலில் அந்த நாளை முடித்துவிடுவோம்.

பாட்ரிக் நாள் என்றதும் இணையத்தில் வரும் படங்களில் பச்சை பீரும் கார்ன்ட் பீஃபும்தான் இருக்கும். இரண்டும் அமெரிக்காவில் பிறந்த வழக்கம். உப்பிட்ட மாட்டிறைச்சி அயர்லாந்துக்குப் புதிதல்ல. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கார்க் துறைமுகத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாக அது பிரிட்டிஷ் கப்பற்படைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போனது. மாட்டை மேய்த்தவர்களுக்கு அதை வாங்கித் தின்ன வசதி இல்லை. கடல் தாண்டி நியூயார்க் போனவர்களுக்கு அங்கே அது கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது. ஊரில் தின்ற பன்றி இறைச்சியின் இடத்தில் அதை வைத்துக்கொண்டார்கள். அயர்லாந்து வீடுகளில் இன்றும் பேக்கனும் (உப்பிட்ட பன்றி இறைச்சி) முட்டைக்கோசும்தான், கூடவே பார்ஸ்லி தூவிய வெள்ளை சாஸ். குடியைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள்: 1927இல் வந்த சட்டத்தால் அன்றைக்கு மதுக்கடைகளையே மூடி வைத்திருந்தார்கள், 1960 வாக்கில்தான் அது தளர்ந்தது. அந்த நாளுக்குப் பழைய மவுசு வேறு காரணத்தால் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நடுவில் அது விழுகிறது. அன்று ஒருநாள் மட்டும் விரதத்துக்கு விடுப்பு. வாரக்கணக்கில் கறி பார்க்காதவர்களுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை என்ன வேண்டும்?

அங்கேயே இந்த நாட்டு உணவு நாட்காட்டியின் சூட்சுமம் தெரிகிறது. விவசாய வருஷத்தை நான்காகப் பிரிக்கும் பழைய நாட்கள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் முதல் தேதிகள். அதன்மேல் கத்தோலிக்க விரத நாட்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எந்தச் சடங்கை எடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த வாரம் வீட்டில் எது தீர்ந்துபோயிருக்கும், எது புதிதாக வந்திருக்கும்? பெரும்பாலும் பதில் அதிலேயே இருக்கும்.

உருளைக்கிழங்கு இங்கே வந்தது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக இது மாடு கட்டிய நாடு. கோடையில் பால், தயிர், பாலாடைக்கட்டி, வெண்ணெய், குளிர்காலத்தில் ஓட்ஸ், உப்பிட்ட இறைச்சி. வெண்ணெயை மரப் பாத்திரத்தில் அடைத்துச் சதுப்பு நிலத்தில் புதைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே எரிப்பதற்காகக் கரிமண் வெட்டுகிறவர்களின் மண்வெட்டியில் இன்றும் அது தட்டுப்படுகிறது. சில கட்டிகளின் வயது 3,000 ஆண்டுக்கும் மேல். கார்க் நகரில் 1770இல் தொடங்கிய வெண்ணெய்ச் சந்தை 19ஆம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரியதாக இருந்தது. அந்த இடத்தின் அருகில் இப்போது வெண்ணெய்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. மழை பெய்யும் சனிக்கிழமை மதியத்துக்கு ஏற்ற இடம் (கார்க்கில் அப்படிப்பட்ட சனிக்கிழமைக்குப் பஞ்சமில்லை).

அதனால்தான் மே 1ஆம் தேதி, பெல்டேன், அத்தனை பயத்தோடு கொண்டாடப்பட்டது. புல் தழைத்து மடி நிறையும் நேரம். வருஷத்துக்கான வெண்ணெய் இனிமேல்தான் வரவேண்டும். ஆகவே அன்றைக்கு வீட்டிலிருந்து நெருப்பு, உப்பு, பால் எதுவும் வெளியே போகக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரி விடியுமுன் வந்து நம் புல்வெளியின் பனித்துளியைத் துணியில் ஒற்றி எடுத்துப் போய்விட்டால் நம் வெண்ணெயெல்லாம் அவள் வீட்டில் திரளும் என்று நம்பினார்கள். கிழவி முயலாக மாறி வந்து மாட்டின் மடியில் பால் குடித்த கதை இல்லாத வட்டாரமே இல்லை. காவலுக்கு மஞ்சள் பூக்கள்: வாசற்படியில் தூவுவார்கள், மாட்டின் வாலில் கட்டுவார்கள். இரண்டு தீக்குண்டங்களுக்கு நடுவே மந்தையை ஓட்டி, பிறகு மலை மேய்ச்சலுக்கு அனுப்புவார்கள். இளம்பெண்கள் கூடவே போய் மலையில் குடிசை போட்டுத் தங்கி, கோடை முழுக்க அங்கேயே வெண்ணெய் எடுப்பார்கள்.

வெண்ணெய் கடையும்போது யார் வீட்டுக்குள் வந்தாலும், விருந்தாளியோ பிச்சைக்காரனோ, "வேலையை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஒருகை பிடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். உயரமான மரக்கலத்துக்குள் தண்டை மேலும் கீழும் குத்திக் கடையும் வேலை அது, தோள்பட்டை கழன்றுவிடும். ஒருகை பிடிக்காமல் போகிறவன் வெண்ணெயையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று நம்பிக்கை. சாஸ்திரமா, ஓசியில் ஆள் சேர்க்கும் வழியா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன்.

இப்படிப்பட்ட தகவல்களை நேரடியாகப் படிக்க ஆசை இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் சுமார் 5,000 ஆரம்பப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எப்படி வெண்ணெய் எடுத்தீர்கள், எந்தப் பண்டிகைக்கு என்ன செய்தீர்கள் என்று. அந்தக் கையெழுத்துப் பக்கங்கள் டூகஸ் என்ற தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. உங்கள் வீடு இருக்கும் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.

அடுத்து ஜூலை. இங்கேதான் உருளைக்கிழங்கு கதைக்குள் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சுமார் 30 லட்சம் ஏழைகள் ஏறக்குறைய அதை மட்டுமே தின்று வாழ்ந்தார்கள். உழைக்கும் ஆண் ஒருவர் நாளைக்கு 5, 6 கிலோ சாப்பிட்டார் என்பது வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அவித்த கிழங்கைத் தண்ணீர் வடித்து, அகலமான கூடையில் கொட்டி, அந்தக் கூடையை அப்படியே பானையின் வாய்மேல் வைத்துவிடுவார்கள். அதுதான் சாப்பாட்டு மேஜை. குடும்பமே சுற்றி உட்கார்ந்து, சூடு ஆறுமுன் கட்டைவிரல் நகத்தால் தோலைக் கிழித்து, உப்புப் போட்ட மோரில் தொட்டுத் தின்னும். அதற்கென்றே நகம் வளர்த்தவர்கள் உண்டு என்று அந்தக் காலத்துப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். மோரும் கிழங்கும் சேர்ந்தால் சத்துக்குக் குறைவில்லை. சிக்கல் கையிருப்பில். பழைய கிழங்கு மே, ஜூனோடு முளைவிட்டு அழுகிவிடும். புதியது ஆகஸ்டில்தான் வரும். நடுவில் உள்ள வாரங்களைப் 'பசி ஜூலை' என்றார்கள். கடனுக்கு ஓட்ஸ் மாவு வாங்கினார்கள், வயலோரத்துக் காட்டுக் கடுகுக் கீரையைப் பறித்து அவித்தார்கள்.

அதனால் ஆகஸ்ட் 1, லூனசா, பசி முடிந்த பண்டிகை. நடைமுறையில் ஜூலையின் கடைசி ஞாயிறு அல்லது ஆகஸ்டின் முதல் ஞாயிறு. அதற்கு முன் கிழங்கைத் தோண்டினால் கேவலம். போன வருஷத்துக் கையிருப்பை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று ஊர் பேசும். அன்று வீட்டுப் பெரியவர் முதல் செடியைப் பெயர்ப்பார். அவித்து, வெண்ணெயும் உப்பும் வைத்து வயிறு முட்டச் சாப்பிடுவார்கள், அடுத்த வருஷம் இதே நாளில் எல்லாரும் உயிரோடு இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே. பிறகு இளசுகள் மலைக்குப் போகும். ஃப்ரோகான் என்கிற கருநீலக் காட்டுப் பழத்தைப் பறிப்பது சாக்கு. பெண் பார்ப்பதும் பிள்ளை பார்ப்பதும்தான் விஷயம். மேயோவில் 764 மீட்டர் உயரமுள்ள குரோக் பாட்ரிக் மலையில் ஜூலைக் கடைசி ஞாயிறு ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்களே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான் என்பார்கள். கூர்க்கல் பாதையில் வெறுங்காலோடு ஏறுகிறவர்களை இன்றும் பார்க்கலாம். ஆகஸ்ட் 10 முதல் 12 வரை கெர்ரியில் உள்ள கில்லோர்க்லினில் காட்டு வெள்ளாட்டுக் கிடா ஒன்றைப் பிடித்து ராஜாவாக முடிசூட்டுவார்கள். மாதக் கடைசியில் வடக்கே ஆன்ட்ரிமில் உள்ள பாலிகாசில் சந்தையில் டல்ஸ் என்கிற காய்ந்த கடற்பாசியும், சுத்தியலால் உடைத்துத் தரும் எல்லோமேன் என்ற மஞ்சள் மிட்டாயும் விற்பார்கள். டல்ஸ் எனக்குக் கடைசிவரை பழகவில்லை. கடலையே மென்றதுபோல் இருக்கும். மிட்டாயை வாங்குங்கள்.

1845இல் கிழங்கைத் தாக்கிய, பூஞ்சை போன்ற நுண்ணுயிரியால் வந்த நோயைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் வரை செத்தார்கள், அதே அளவு பேர் கப்பல் ஏறினார்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்த மக்களுக்கு உருளைக்கிழங்கைப் பற்றிய பேச்சு இன்னும் விளையாட்டல்ல. ஜூன் கடைசியில் சாலையோரத்தில் வெக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ராபெர்ரியும் புதுக்கிழங்கும் விற்கும் தட்டிக்கடைகள் முளைக்கும். வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "குயின்ஸ் வந்துவிட்டதா?" என்பதுதான். குயின்ஸ் என்பது வெந்தால் மாவாக உதிரும் ரகம். தோல் வெடித்து உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தால்தான் இங்கே நல்ல கிழங்கு. வழுவழுப்பாகக் கெட்டியாக இருப்பதை 'சோப்பு' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

செப்டம்பர் 29, மைக்கேல் திருநாள், வாத்துக்கறி நாள். அறுவடை முடிந்த வயலில் சிந்திய தானியத்தைத் தின்று கொழுத்த பெரிய வாத்தை அடிப்பார்கள். இப்போது அந்த வழக்கம் மங்கிவிட்டது.

அப்புறம் அக்டோபர் 31. உலகம் முழுக்க ஹாலோவீனாகப் போய்ச் சேர்ந்திருக்கும் சவின் பண்டிகையின் முன்னிரவு. மந்தை மலையிலிருந்து இறங்கி, கடைசி அறுவடையும் வீட்டுக்கு வந்து, இருட்டுக் காலம் ஆரம்பமாகிறது. செத்தவர்கள் வீட்டுக்கு வரும் ராத்திரி. கதவைத் தாழிடாமல், அடுப்பில் தீயை அணைக்காமல், அவர்களுக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டுப் படுத்தார்கள். விளக்குக்குப் பூசணி வந்தது அமெரிக்காவில்தான். இங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கினார்கள். மேயோவில் காசில்பாருக்குப் பக்கத்தில் உள்ள கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு டர்னிப்பின் வார்ப்பு இருக்கிறது. பூசணி சிரிக்கும். இது சிரிக்காது, பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ராத்திரி தூங்கமாட்டார்கள்.

மறுநாள் சகல புனிதர் திருநாள் என்பதால் முன்பெல்லாம் முந்தின நாள் கறி கூடாது. அதனால் ஹாலோவீன் பண்டம் எதிலும் கறி இல்லை. உங்களுக்கு லாபம். தலையானது கோல்கானன். செய்முறை சொல்கிறேன். மாவாகும் ரகக் கிழங்கு ஒரு கிலோ, சூப்பர்மார்க்கெட்டில் ரூஸ்டர் என்று சிவப்புத் தோலோடு கிடைக்கும், தோலோடு அவியுங்கள். சுடச்சுட உரித்து மசியுங்கள்; ஆறவிட்டால் பசையாகிவிடும். இன்னொரு பக்கம் கேல் கீரையின் நடுத்தண்டை உருவிவிட்டு ஐந்தாறு நிமிடம் வேகவைத்து, நன்றாகப் பிழிந்து பொடியாக நறுக்குங்கள். ஒரு கப் பாலில் வெங்காயத்தாளைப் போட்டுக் கொதிக்கவிட்டு மசியலில் ஊற்றி, கீரை, உப்பு, மிளகு சேர்த்துக் கட்டைக் கரண்டியால் அடியுங்கள். தட்டில் குவித்து நடுவில் குழி பறித்து, உப்பு வெண்ணெய் ஒரு பெரிய கட்டி. அது உருகிக் குளமாகும். ஓரத்திலிருந்து எடுத்து அந்தக் குளத்தில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். வெண்ணெயில் கஞ்சத்தனம் பார்த்தால் வெறும் மசியல்தான் மிஞ்சும். கீரை இல்லாமல் வெங்காயத்தாள் மட்டும் போட்டால் சாம்ப், அது வடக்கத்தியப் பக்குவம்.

இரண்டாவது பார்ம்பிராக். உலர்திராட்சை நிறைந்த ரொட்டி. உள்ளே மோதிரம், காசு, துணித்துண்டு, பட்டாணி, குச்சி ஆகியவற்றை ஒளித்து வைத்துச் சுடுவார்கள். மோதிரம் வந்தால் ஒரு வருஷத்துக்குள் கல்யாணம், காசுக்குச் செல்வம், துணிக்கு வறுமை, பட்டாணிக்குக் கல்யாணம் இல்லை. குச்சிக்குச் சண்டை பிடித்த தாம்பத்தியம். அதாவது கல்யாணம் ஆனாலும் வம்பு, ஆகாவிட்டாலும் வம்பு. கடையில் விற்பதில் இப்போதும் மோதிரம் ஒன்றாவது இருக்கும், காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார்கள். அலுவலகத்தில் யாராவது வெட்டிக் கொடுத்தால் பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் தடவித் தேநீரோடு சாப்பிடலாம், மறுநாள் வாட்டினால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஹாலோவீன் உலகப் பிரசித்தம் ஆகிவிட்டது. பத்து நாள் கழித்து வரும் மார்ட்டின் திருநாளை இந்த ஊர் இளைஞர்களுக்கே தெரியாது. நவம்பர் 10 இரவு ஒரு சேவலையோ வாத்தையோ அறுத்து, ரத்தத்தை வீட்டின் நான்கு மூலையிலும் வாசற்படியிலும் தெளிப்பார்கள். வீட்டாரின் நெற்றியில் சிலுவையும் இடுவார்கள். 11ஆம் தேதி ராட்டினம், மாவு மில், வண்டி என்று சக்கரம் எதுவும் சுழலக் கூடாது. பல வட்டாரங்களில் 20ஆம் நூற்றாண்டிலும் இது நடந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகளில் பக்கம் பக்கமாக இருக்கிறது.

குளிர்காலம் பன்றி அடிக்கும் காலமும்கூட. ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாத ரத்தத்தையும் உள்ளுறுப்பையும் பிளாக் புட்டிங் என்ற ரத்தத் தொத்திறைச்சியாகச் செய்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அனுப்புவார்கள். அவர்கள் அடிக்கும்போது நமக்கு வரும். மீதி இறைச்சி உப்பில் இறங்கும், அடுத்த வசந்தம்வரை அதுதான்.

கிறிஸ்துமஸ் முன்னிரவும் அந்தக் காலத்தில் கறியில்லாத நாள். லிங் என்ற உப்புக் கருவாட்டை ஊறவைத்து வேகவைத்து, வெள்ளை சாஸோடும் கிழங்கோடும் பரிமாறுவார்கள். வீட்டிலேயே இளைய பிள்ளை ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றும், தங்க இடமில்லாமல் அலைந்த இயேசுவின் பெற்றோர் மரியாளுக்கும் சூசைக்கும் வழிகாட்ட. இந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கார்க்கில் கிறிஸ்துமஸ் என்றால் கிராம்பும் ஆல்ஸ்பைஸும் சேர்த்து வாரக்கணக்கில் ஊறிய ஸ்பைஸ்ட் பீஃப் என்ற மாட்டிறைச்சி. 1788இல் தொடங்கிய இங்கிலிஷ் மார்க்கெட்டில் டிசம்பரில் நுழைந்தாலே அந்த வாசனை. 26ஆம் தேதி டிங்கிள் பக்கம் போனால் வைக்கோல் உடை போட்டு முகத்தை மறைத்த கூட்டம் மேளம் அடித்துக்கொண்டு தெருவைச் சுற்றும். முன்பு ரென் என்ற சின்னஞ்சிறு குருவியை வேட்டையாடிக் கம்பில் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் காசு கேட்டார்கள். இப்போது குருவிக்கு ஆபத்தில்லை, காசு மட்டும் கேட்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது டிசம்பர் 31. அன்றிரவு வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். குறைவாகச் சாப்பிட்டால் வருஷம் முழுக்கக் குறை. ஒரு பெரிய ரொட்டியை எடுத்து வீட்டுக் கதவில் மூன்று முறை அறைந்து, பசியே, இன்றிலிருந்து அடுத்த வருஷம் இதே இரவுவரை துருக்கியர் நாட்டுக்குப் போ என்று விரட்டுவார்கள். துருக்கியர்கள் என்ன பாவம் செய்தார்களோ! உதிர்ந்த துணுக்குகளைப் பொறுக்கித் தின்பார்கள்.

ஜனவரி 6 பெண்களின் கிறிஸ்துமஸ். கார்க், கெர்ரி பக்கம் இதற்கு மதிப்பு அதிகம். அன்று சமையல் ஆண்கள் பொறுப்பு. பெரிய கிறிஸ்துமஸில் ஆண்களுக்குக் கறியும் விஸ்கியும் என்றால், பெண்கள் அன்றைக்குக் கேக்கும் தேநீருமாகக் கூடி உட்கார்ந்து பேசுவார்கள். இப்போது கூட்டமாக உணவகத்துக்குப் போகிறார்கள். அந்த இரவு மேஜை கிடைப்பது கஷ்டம்.

பிப்ரவரி 1 புனித பிரிஜித் நாள். மாடு மீண்டும் பால் விடும் பருவம் என்பதால் வெண்ணெயும் மசித்த கிழங்கும்தான் விருந்து. கோரைப்புல்லில் சிலுவை பின்னி வாசலுக்கு மேல் செருகுவார்கள். வெளியே போட்ட துணியை இரவில் பிரிஜித் தொட்டுவிட்டுப் போவாள், அதைத் தலைவலிக்குக் கட்டலாம். 2023 முதல் இதற்கு அரசு விடுமுறையும் உண்டு.

பிறகு தவக்காலம். முன்காலத்தில் முட்டை, பால், வெண்ணெய்கூடக் கூடாது. அதனால்தான் முந்தின செவ்வாய்க்கிழமை இருப்பதையெல்லாம் போட்டு பான்கேக் சுட்டுத் தீர்த்தார்கள். தவக்காலத்தில் கல்யாணமும் கிடையாது, ஆகவே அதற்குள் கல்யாணம் ஆகாதவர்களின் முதுகில் அடுத்த ஞாயிறு சாக்பீஸால் கோடு போட்டுக் கிண்டல் செய்தார்கள். ஏழைகளுக்கு அந்த வாரங்கள் முழுக்க ஹெர்ரிங் மீன்தான். வியாபாரம் படுத்துப்போன கசாப்புக்காரர்கள் ஈஸ்டர் வந்ததும் பழி தீர்த்தார்கள்: ஒரு ஹெர்ரிங்கைக் கம்பில் கட்டி, தெருத்தெருவாகக் குச்சியால் அடித்துக்கொண்டே போய், தண்ணீரில் வீசிவிட்டு, ரிப்பன் கட்டிய ஆட்டுத்தொடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். டிரோஹெடா, கார்க் உட்பட பல ஊர்களில் இது நடந்தது. ஈஸ்டர் காலையில் யார் அதிக முட்டை சாப்பிடுவது என்று போட்டி வேறு.

சரி, சைவ விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன கோல்கானன், சாம்ப், துருவிய கிழங்கில் தோசைபோல் வார்க்கும் பாக்ஸ்டி, இவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். பாரம்பரிய சோடா ரொட்டியில் மாவு, மோர், சோடா, உப்பு மட்டும்தான், முட்டை கிடையாது. வாங்கும் கடையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் முட்டை சேர்க்கிறார்கள். பார்ம்பிராக்கில் பெரும்பாலும் முட்டை உண்டு. காராகீன் என்ற கடற்பாசியைப் பாலில் காய்ச்சி ஆறவைத்தால் தானே உறைந்து புட்டிங் ஆகும், ஜெலட்டின் பயமில்லை. கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. பேக்கன் வேகவைத்த தண்ணீரிலேயே முட்டைக்கோசையும் வேகவைப்பது பழைய பக்குவம். "முட்டைக்கோசு மட்டும் கொடுங்கள்" என்று கேட்டுப் பயனில்லை. காலை உணவில் வரும் உருளைக்கிழங்கு ரொட்டியைப் பன்றிக் கொழுப்பில் வாட்டியிருப்பார்கள். வெள்ளை புட்டிங்கில் ரத்தம் இல்லையே தவிர பன்றி இறைச்சி உண்டு. காய்கறி சூப்பாக இருந்தாலும் எந்தத் தண்ணீரில் கொதித்தது என்று கேட்டுவிடுங்கள். இங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.